வரி

'வரி' என்றால் கோடு. வரிக்குதிரையின் உடலில் ஓடுவதும் ஏட்டில் எழுதுவதும் அதுதான். அரசுக்குக் கட்டும் பணமும் வரியே. சோழர் கல்வெட்டில் வருவாய்த்துறை 'புரவுவரித் திணைக்களம்'. முதலாம் குலோத்துங்கனோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயரெடுத்தான்.

ஆட்சி மாறினால் வரி ஏறுமா, இறங்குமா? மலேசியா இரண்டையும் பார்த்தது. 2015 ஏப்ரலில் வந்த 6 விழுக்காடு பொருள் சேவை வரி, 2018 மே தேர்தலில் ஆட்சி மாறியதும் ஜூன் 1-இல் சுழியமானது. செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பியது. 2022-இல் வந்த அரசு, 2024 மார்ச்சில் சேவை வரியை 8 ஆக்கியது. உணவகச் சாப்பாடு போன்ற சிலவற்றுக்கு 6 நீடித்தது.

பிரிக்பீல்ட்ஸில் பெரிய உணவகமொன்றின் ரசீதைப் பாருங்கள். வாழையிலைச் சோற்றின் விலைக்குக் கீழே இன்னொரு வரி. அந்த வரிதான் வரி.