படைக்கலக் கைமாற்றமும் உரிமம் பெற்ற வணிகரும்: சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

விலை கொடுத்துப் பொருளைக் கைக்கொள்வதோடு வாணிகம் நிறைவுறுவது உலக வழக்கு. துப்பாக்கி இதற்கு விலக்காகும். வாங்குவோரின் உரிமம் ஒப்புநோக்கப்பெற்றுப் பதிவு முடியும்வரை, பணம் செலுத்தப்பட்ட துப்பாக்கியும் வணிகர் கடையிலேயே தங்கிவிடும். விலைக்கும் கைப்பற்றுக்கும் இடையிலான இவ்விடைவெளி இந்தியச் சட்டங்களில் வளர்ந்த முறையை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

1878ஆம் ஆண்டுச் சட்டம்

லிட்டன் பிரபு ஆட்சியில் இயற்றப்பெற்ற 1878ஆம் ஆண்டு இந்தியப் படைக்கலச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வணிகம் செய்வதைத் தடுத்தது. எனினும், தன் சொந்தப் பயன்பாட்டிற்கு வைத்திருந்த துப்பாக்கியை ஒருவர் தனியே விற்க இடமளித்தது. விற்ற பின்னர் வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்திற்கோ தெரிவித்தல் வேண்டும். வாங்குபவர் விதிவிலக்குப் பெற்றவராயின் அவ்வறிவிப்பும் வேண்டுவதில்லை. ஐரோப்பியர் பொதுவாக விதிவிலக்குப் பெற்றிருந்தமையின், கைமாற்றத்தின் எளிமையும் அருமையும் பெரும்பாலும் பிறப்பால் அமைந்தன எனலாம். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாடு இச்சட்டத்தைத் திருத்துமாறு வேண்டியமைக்கு இவ்வேற்றுமை தந்த இழிவுணர்வும் காரணமாகும். குடகர்க்கு 1861 முதல் வழங்கப்பட்டுவந்த விலக்கு மட்டும் இன்றளவும் தொடர்கிறது. அதனைக் கருநாடக உயர்நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது.

விடுதலைக்குப் பின்

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. இன்று நடைமுறையிலுள்ள அதன் ஐந்தாம் பிரிவின்படி, தனியொருவர் தம் துப்பாக்கியை விற்க எண்ணின், வாங்குவோர் விவரத்தை முன்னரே எழுத்து வழித் தெரிவித்து, 45 நாள்களேனும் காத்திருத்தல் வேண்டும். விற்றபின் அறிவித்தல் என்னும் பழைய முறை, அறிவித்தபின் விற்றல் என மாறியுள்ளமை இங்குக் கருதத்தக்கது. வணிகர்க்கும் இருநிலைப் பொறுப்பு அமைந்தது. அவர் பொருளை விற்பவர். உரிமம் இழந்தோரின் துப்பாக்கியைச் சட்டப்படி வைப்பாக ஏற்றுக் காப்பவருமாவார்.

1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது என வரையறுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்தது. மிகுதியாக இருந்ததை ஓராண்டிற்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்குமாறு பணித்தது. விற்க வேண்டியவர் தொகை பெருகிய அதே வேளையில், புதிதாக ஒன்றை வாங்க இடமுள்ளவர் தொகை சுருங்கியது. தந்தை வழி வந்த துப்பாக்கியும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவதால், விலை மதிப்புடைய உடைமை ஒன்று கொள்வாரின்றிக் கடையில் தேங்கும் நிலை உருவாயிற்று.

முடிவுரை

குடியேற்ற ஆட்சியில் ‘யார் வாங்குகிறார்’ என்பதே தடையை வகுத்தது. குடியரசிலோ அத்தடையைக் காலமும் பதிவும் எண்ணிக்கையும் வகுக்கின்றன. பின்னதன் அருமை, குடகர் போன்றோர்க்குரிய விலக்கு நீங்கலாக, எல்லார்க்கும் பொதுவானது. பொது அமைதி என்னும் காரணமும் உடையது. ஆயினும், சட்டத்திற்கு அடங்கி நடப்பவரே அக்காத்திருப்பைச் சுமக்கின்றனர்; மறைவில் கைமாறும் துப்பாக்கிக்கு 45 நாளும் இல்லை, கணக்கேடும் இல்லை. எனவே நடைமுறை விரைவும் தெளிவும் பெறுதல், சட்டத்தைத் தளர்த்துவதாகாது. அதன் நோக்கத்திற்கே வலுச்சேர்ப்பதாகும்.