‘கூகிள் நீக்கம்’: ஒரு பிரெஞ்சு இயக்கத்தின் வரலாறும் அதன் முரண்பாடுகளும்

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் எழுத்தாளனையும் நூலையும் மட்டும் நோக்கினால் போதாது. எழுத்து எச்சாதனத்தின் வழியே வாசகரைச் சென்றடைந்தது, அச்சாதனம் யாருடைய உடைமையாக இருந்தது என்னும் வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். அமெரிக்க மிஷனரிமாரின் அச்சகம் யாழ்ப்பாணத்தில் நன்கு வேரூன்றியிருந்த காலத்திலே, 1849 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சென்னை சென்று சொந்தமாக அச்சியந்திரம் வாங்கி வந்தமைக்கு இலக்கிய வரலாற்றாசிரியர் முக்கியத்துவம் அளிப்பது இக்காரணத்தாலேயே. நாவலரின் சாதி, சமூக நிலைப்பாடுகள் பற்றி எமக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆயினும் எதிராளியின் அச்சகத்தை நம்பி அவ்வெதிராளிக்கு மறுப்பு எழுத இயலாது என்பதை அவர் ஐயமற உணர்ந்திருந்தார் எனலாம். இன்று எமது கடிதங்களும் கட்டுரைப் படிகளும் கருத்தரங்க அழைப்புகளும் மிகப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணத்தக்க அமெரிக்க நிறுவனங்களின் கணினிகளிலேயே தங்கியுள்ளன. அச்சகம் பற்றி எழுப்பிய வினாவை இக்கணினிகள் பற்றி நாம் எழுப்புவதில்லை.

அவ்வினாவை எழுப்பியதோடு நில்லாமல் செயலிலும் இறங்கியோர் பல நாடுகளில் உளர். அவருள் பிரான்சின் பிராமாசொவ்ற் என்னும் சங்கத்தினரின் அனுபவம் தனித்து ஆராயத்தக்கது. பெரு நிறுவனங்களின் சேவைகளுக்குப் பதிலாக மாற்றுச் சேவைகளை நிறுவியமை மட்டுமன்று, நிறுவியவற்றுட் பலவற்றை அவர்கள் தாமே மூடத் துணிந்தமையும் எமது கவனத்துக்குரியது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். இணையம் தொடக்கத்திலிருந்தே ஏகபோகங்களின் உடைமையாக இருந்ததன்று. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்கு மின்னஞ்சல் செல்லும் விதிமுறை 1982 இல் எவரும் பின்பற்றத்தக்க பொது ஆவணமாக வெளியிடப்பட்டது. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடம் உலகளாவிய வலையின் மென்பொருளை 1993 ஏப்ரல் 30 ஆம் திகதி எவரது தனியுரிமைக்கும் உட்படாத பொதுச் சொத்தாக அறிவித்தது. இந்நிலையில் ஒரு பல்கலைக்கழகமோ சிறு சங்கமோ தனக்கெனச் ‘சேர்வர்’ ஒன்றை, அதாவது பிற கணினிகளின் வேண்டுகோளுக்கு விடையளிக்கும் வழங்கிக் கணினி ஒன்றை, வைத்துத் தன் அஞ்சலைத் தானே நடத்த முடிந்தது. கூகிளின் ஜீமெயில் 2004 இல் தோன்றி, அக்காலத்தில் எவரும் எதிர்பாராத அளவு சேமிப்பிடத்தை இலவசமாகத் தந்தபோது நிலைமை மாறலாயிற்று.

இம்மாற்றத்தை ஆங்கில நாட்டின் பொதுநிலங்களுக்கு வேலியிடப்பட்டமையோடு ஒப்பிடுவோர் உளர். ஒப்புமை ஓரளவே பொருந்தும். ஆங்கிலக் குடியானவன் பலவந்தமாக நிலத்தினின்று விரட்டப்பட்டான்; இணையப் பயனாளரோ தாமே விரும்பி வேலிக்குள் நுழைந்தனர். வேலி பின்னரே உயர்ந்தது. கூகிளின் உரையாடற் சேவை 2005 இல் பொது விதிமுறை ஒன்றின்மீது அமைக்கப்பட்டது. 2006 இல் பிறருடைய வழங்கிகளோடும் இணைந்து இயங்கத் தொடங்கியது. 2013 இல் அதனிடத்தில் புகுத்தப்பட்ட புதிய சேவைக்கு அத்தகைய இணைப்பு இருக்கவில்லை. வெளியே சொந்த வழங்கி வைத்திருந்தவர்கள் உள்ளேயிருந்த நண்பரோடு பேச இயலாதவராயினர். சேவை இலவசமாகவே தொடர்ந்தது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பிராமாசொவ்ற்றின் தோற்றம் பாடசாலையோடு தொடர்புடையது. அப்பெயரின் முற்பகுதியே ‘பிரெஞ்சு’, ‘கணிதம்’ எனும் இரு பாடங்களின் முதலெழுத்துகளாலானது. கணித ஆசிரியரான அலெக்சி கோவ்மனின் முன்முயற்சியால் 2001 இல் உருவான அத்தளம் கட்டற்ற மென்பொருள்களை, அதாவது மூலநிரலைப் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிக்கும் மென்பொருள்களை, ஆசிரியர்க்கும் பொதுமக்களுக்கும் அறிமுகஞ் செய்தது. 2004 இல் அது சட்டபூர்வமான சங்கமாயிற்று. பத்தாண்டுகள் அதன் பணி பெரும்பாலும் பிரசாரப் பணியாகவே இருந்தது.

2013 யூனில் எட்வேட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்க உளவு நிறுவனத்துக்கும் பெரு இணைய நிறுவனங்களுக்கும் இடையிலான தொடர்பை உலகறியச் செய்தன. கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசிய பிராமாசொவ்ற்றே அக்காலத்தில் தன் அன்றாட வேலைகளுக்குக் கூகிளின் சேவைகளைப் பயன்படுத்தி வந்தது. தம்மிடமிருந்தே அவர்கள் தொடங்கியது பாராட்டுக்குரியது. முற்போக்காளர் பலரிடம் காணக்கிடைக்காத பண்பு அது. தமது அஞ்சலையும் கோப்புகளையும் சொந்த வழங்கிகளுக்கு மாற்றிய பின்னர், 2014 ஒக்டோபரில் ‘இணையத்தைக் கூகிள் நீக்கஞ் செய்வோம்’ எனும் பொருள்பட்ட இயக்கத்தைத் தொடங்கினர். அஸ்ரெரிக்ஸ் சித்திரக்கதையில் உரோமப் பேரரசை எதிர்த்து நிற்கும் கோல் கிராமத்தையொத்த வரைபடம் ஒன்று அதன் சின்னமாயிற்று. தேசியக் கற்பனையைச் சார்ந்த இச்சின்னம் எமக்கு முழு உடன்பாடானதன்று. பகைவன் உரோமன் என்பதைவிட மூலதனம் என்பதே பொருத்தம். எனினும் சாதாரண மக்களிடம் அது எளிதிற் சென்றது.

மூன்றாண்டுகளில் சேவைகளின் தொகை முப்பதுக்கு மேலாயிற்று. பலர் ஒரே நேரத்தில் ஓர் ஆவணத்தை எழுத உதவும் பிராமாபாட், கூட்டத்துக்கு நாள் குறிக்க உதவும் பிராமடேற் என்பன அவற்றுட் சில. பிராமாபாடின் அடித்தளமான ஈதர்பாட் என்ற மென்பொருளின் கதை சுவையானது. அதனை ஆக்கிய சிறு நிறுவனத்தை 2009 டிசம்பரில் கூகிள் விலைக்கு வாங்கியது. பழைய சேவை மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. பயனாளர் கண்டனக் குரல் எழுப்பவே, மூலநிரல் அதே மாதத்தில் பொதுவில் வெளியிடப்பட்டது. கூகிள் கைவிட நினைத்த கருவியே கூகிளுக்கு எதிரான இயக்கத்தின் கருவியாயிற்று. மூலதனம் தன்னையறியாமலே தனக்கெதிரான சாதனங்களை விட்டுச் செல்லும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். ஆனால், கண்டனம் எழாதிருப்பின் அது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். உற்பத்திக் கூட்டுறவுகள் முதலாளித்துவப் பரிவர்த்தனையினுள் சிக்கிய கலப்பு வடிவங்கள். அவை முதலாளித்துவ நிறுவனங்களாக மாறும், அன்றேல் கலையும் என ரோசா லக்சம்பேர்க் ‘சமூகச் சீர்திருத்தமா, புரட்சியா’ என்ற தமது நூலில் வாதித்தார். அவருக்கு முன் 1864 இல், முதலாம் அகிலத்தின் தொடக்க உரையில், கூட்டுறவுத் தொழிற்சாலைகளை மார்க்ஸ் வரவேற்றார். எனினும் தனித்தனித் தொழிலாளரின் இடையிடையான முயற்சி என்னும் குறுகிய வட்டத்துள் நிற்கும்வரை அவை ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுக்கா என்றும் கூறினார். மாற்றுச் சேவைகளைக் குட்டி முதலாளித்துவ மாயை என ஒதுக்குவோர் இவ்விரு கூற்றுகளையும் காட்டுவர்.

இம்மறுப்பு பாதியளவே சரியானது. பிராமாசொவ்ற் சந்தைக்கு உற்பத்தி செய்யவில்லை; அதன் வருவாயின் மிகப் பெரும்பகுதி மக்களின் நன்கொடை. ஆகவே லாபத்தின் நிர்ப்பந்தம் அதனைச் சிதைக்கவில்லை. சிதைத்திருக்கக் கூடியது உழைப்பின் நிர்ப்பந்தமே. சொந்த வழங்கி என்பது ஒருமுறை வாங்கி வைக்கும் பொருளன்று. பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் இடல் வேண்டும். காப்புப் பிரதிகளை எடுத்தலோடு, அவை மீளத் திறக்கின்றனவா எனச் சோதித்தலும் வேண்டும். நள்ளிரவில் வன்தட்டு பழுதுற்றால் ஒருவர் எழுந்திருக்க வேண்டும். சிறு அஞ்சல் வழங்கி அனுப்பும் கடிதத்தைப் பெரு நிறுவனத்தின் வழங்கி குப்பையெனத் தள்ளிவிட்டால் முறையிடவும் இடமில்லை. நாற்பதளவான உறுப்பினர், அவருட் பத்தளவான ஊதியம் பெறுவோர் என்ற ஆளணியே இலட்சக்கணக்கானோரின் வேலைகளைத் தாங்கியது. ‘இலவசம்’ என்ற சொல் பெருநிறுவனத்தில் பயனாளரிடமிருந்து அபகரிக்கப்படும் தகவலை மறைக்கிறதெனின், மாற்றுச் சேவையில் அது ஒரு சிலரின் உழைப்பை மறைக்கிறது.

பிராமாசொவ்ற்றினர் இதனை உணர்ந்தனர். 2016 இல் அவர்களின் முன்முயற்சியால் ‘ஷாத்தோன்’ எனும் கூட்டமைப்பு உருவாயிற்று. பிரெஞ்சில் பூனைக்குட்டிகள் எனப் பொருள்படும் அச்சொல், மாற்று வழங்கி நடத்துவோரின் கூட்டு என்பதன் சுருக்கமுமாகும். விவசாயியும் நுகர்வோரும் இடைத்தரகரின்றி ஒப்பந்தஞ் செய்துகொள்ளும் பிரெஞ்சுக் கமச் சங்கங்கள் இதற்கு முன்மாதிரியாயின. ஆயினும் மக்கள் பூனைக்குட்டிகளைத் தேடிச் செல்லவில்லை; அறிமுகமான பெயரையே நாடினர். ஏகபோகத்துக்கு எதிரான சங்கம் தானே ஒரு சிறு மையமாகிக்கொண்டிருந்தது. 2019 செப்டெம்பரில் அது, ‘இணையத்தைப் பிராமாசொவ்ற் நீக்கஞ் செய்வோம்’ என்று தன் பெயரையே எதிர்மறையாக்கி, சேவைகளிற் பலவற்றைச் சில ஆண்டுகளுள் படிப்படியாக மூடப்போவதாகவும் கட்டுப்படுத்தப்போவதாகவும் அறிவித்தது. நம்பி வந்தவர்கள் பலர் மனம் நொந்தனர். அவர்களின் குறை நியாயமானதே: ஒருமுறை குடிபெயர்ந்தோரை மீண்டும் குடிபெயரச் சொல்வது இலகுவன்று. எனினும், தன் வெற்றியே தன் நோக்கத்தை மறுக்கின்றது என்பதை இத்துணை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அமைப்புகள் அரிது.

இதைவிட முக்கியமானதென நாம் கருதுவது 2020 மார்ச்சு மாத நிகழ்ச்சி. அதற்கு முன்னோடியான ஒன்றையும் கூறல் வேண்டும். 2015 நவம்பரில் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு மைக்கிறோசொவ்ற் நிறுவனத்தோடு உடன்படிக்கை ஒன்றைச் செய்தது. அதன்படி அந்நிறுவனம் பாடசாலைகளில் கணினிக் கல்விக்காக 13 மில்லியன் யூரோவைச் செலவிட முன்வந்தது. ஒரு தலைமுறையின் பழக்கத்தைப் பெறுவதற்கு அது சொற்ப விலை. பிராமாசொவ்ற் இதனைக் கண்டித்தது. நான்காண்டுகளுக்கு மேல் கழிந்து, கோவிட் தொற்றினால் 2020 மார்ச்சு 16 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆயத்தமற்றிருந்த அமைச்சின் ஆசிரியர்களும் மாணவர்களும் பிராமாசொவ்ற்றின் வழங்கிகளை நோக்கித் திரண்டனர். கல்வி அமைச்சின் கீழுள்ளோர் தமது சேவைகளைப் பயன்படுத்த வேண்டாமெனச் சங்கம் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டது. அமைச்சிடம் பணமும் ஆளணியும் உண்டு, வழியற்ற தனியாட்களுக்கும் சிறு சங்கங்களுக்கும் இடம் விடுங்கள் என்பதே அதன் நியாயம்.

தவித்து நின்ற ஆசிரியருக்கு இது கொடுமையாகத் தோன்றியிருக்கும். ஆசிரியராற் தொடங்கப்பட்ட சங்கமே இதைச் செய்தது என்பது மேலும் வருத்தம் தருவது. ஆனால் அரசு தன் கடமையிலிருந்து விலகும் இடந்தோறும் தொண்டர்களின் ஊதியமற்ற உழைப்பு நிரப்பியாக வந்து நின்றால், அவ்விலகல் இயல்பானதாகிவிடும். இம்மறுப்பு ஒருவகை வேலைநிறுத்தம் என்பதே எமது கணிப்பு. அதே ஆண்டில் அமைச்சு தன் ஆசிரியர்க்கெனக் கட்டற்ற மென்பொருள்களாலான பொதுத் தளம் ஒன்றைத் திறந்தது. அதில் இடம்பெற்ற காணொளி மென்பொருளான பீயர்ரியூப், பிராமாசொவ்ற் ஊதியங் கொடுத்து வளர்த்து 2018 இல் முதற் பதிப்பாக வெளியிட்டதாகும்.

அரசுடைமையானதும் பிரச்சினை தீர்ந்தது என நாம் கூறவில்லை. பொதுமக்களின் தொடர்பாடலைக் கண்காணிக்க 2015 இல் சட்டமியற்றியதும் இதே அரசுதான்.

எமது சூழலுக்கு இது அந்நியமான விடயமன்று. தொண்ணூறுகளின் இறுதியில் தமிழர் பலர் இலவச இணையத்தளம் அமைத்த ஜியோசிற்றீஸ் 2009 இல் மூடப்பட்டது. இலக்கிய விவாதங்கள் நடைபெற்ற யாகூ குழுமங்கள் 2020 இல் முடிவுற்றன. பிரதியெடுத்து வைக்காதோரின் எழுத்துகள் அவற்றோடு மறைந்தன. மாறாக, 2005 இல் தன்னார்வலரால் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகம் ஈழத்துச் சஞ்சிகைகளைத் தன் சொந்தத் தளத்திலே பேணிவருகிறது. எழுபதுகளின் சிற்றேடு ஒன்றைத் தேடும் எமது மாணவர் முதலில் செல்லுமிடம் அதுவே. அத்தளத்தை இரவும் பகலும் இயங்கவைப்போரின் உழைப்பை எமது ஆய்வேடுகளின் நன்றியுரைகளில் நாம் அரிதாகவே காண்கிறோம். பல்கலைக்கழக நூலகங்கள் அச்செலவில் எப்பங்கை ஏற்கவேண்டும் என்பதும் விவாதிக்கப்படவில்லை.

பிரான்சில் அலெக்சி கோவ்மன் 2021 இல் அக்கல்வி அமைச்சிலேயே கட்டற்ற மென்பொருளுக்குப் பொறுப்பான பதவியொன்றில் அமர்த்தப்பட்டார். பிராமாசொவ்ற் 2022 இல், சிறு சங்கங்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும் மட்டுமெனத் தொகையை வரையறுத்து, கோப்புகளைக் கூட்டாகப் பேணும் புதிய சேவையொன்றைத் தொடங்கியது.