கணப்பு அடுப்பும் தைலமரமும்

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களிடம் போய் வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று கேட்டால் சிரிப்பார்கள். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றி, வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, வீட்டைக் குளிர வைக்கப் படாத பாடு படுகிறவர்கள் நாம். மார்கழிப் பனிக்கு ஒரு போர்வையும், விடியற்காலையில் கொளுத்தக் கொஞ்சம் சருகும் இருந்தால் நமக்குப் போதும். ஆனாலும் 200 ஆண்டுகளுக்கு முன் நம் மாகாணத்து மலை ஒன்றில் சிலர் வீட்டைச் சூடாக்கப் போன கதை, சுற்றி வளைத்து நம் ஊர்க் காடு வரைக்கும் வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மலை ஏறினார். கோத்தகிரி அருகே திம்மட்டியில் முதலில் ஒரு வீடு கட்டினார். பிறகு 1822-இல் ஊட்டியில் கல் வீடு ஒன்றைத் தொடங்கினார். அதற்கான நிலத்தைத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்று சொல்வார்கள். ஊர்க்காரர்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது.

ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 7,350 அடி. டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் கல் சுவர் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்தே அறிவேன். பணிக்காலத்தில் இரண்டு குளிர்காலம் அந்த மலையில் பழைய அரசுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தேன். பகலில் வெளியே வெயிலில் நிற்பதே மேல். வீட்டுக்குள் நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கியது போல இருக்கும்.

தோடர்கள் இதை வேறு விதமாகச் சமாளித்திருந்தார்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, மேலே புல் வேய்ந்த, பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தாற்போன்ற வீடு. சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். ஜன்னல் கிடையாது. வாசல் மூன்றடிதான், தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஓர் அடுப்பு எரிந்தால் போதும், சூடு வெளியேற வழியில்லை. புகை மட்டும் கூரைப் புல் வழியாகக் கசியும். கண் எரிச்சல் என்னவோ உண்டுதான்.

வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி உயரமான கூரை, பெரிய ஜன்னல், அறைக்கு அறை கணப்பு அடுப்பு, அதற்குப் புகைபோக்கி என்று கட்டினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் விறகைத் தின்பதில் இதற்கு ஈடே கிடையாது. திறந்த கணப்பில் எரியும் சூட்டில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். போகிறபோது அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வரும். நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு முகம் சுடும், முதுகு நடுங்கும். அமெரிக்காவில் பிறந்த ரம்ஃபோர்டு பிரபு என்பவர் 1796-லேயே இதற்கு வழி சொல்லி எழுதினார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக்கி, புகை போகும் கழுத்தைக் குறுக்கினால் குறைந்த விறகில் அதிகச் சூடு அறைக்குள் வரும் என்றார். நான் குடியிருந்த வீட்டுக் கணப்பு அப்படிக் கட்டியதல்ல. நாங்கள் அதை அடைத்துவிட்டு, குமுட்டியில் கரி போட்டுக் கொஞ்ச நேரம் குளிர்காய்ந்து, படுக்கும் முன் அதை வெளியே வைத்துவிடுவோம். மூடிய அறையில் கரிப்புகை உயிருக்கே ஆபத்து.

விறகு எங்கிருந்து வந்தது? மலை மடிப்புகளில் இருந்த சோலைக் காடுகளிலிருந்துதான். சோலை மரம் மெதுவாக வளர்வது. ஒருமுறை வெட்டினால் அந்த இடம் எளிதில் சோலையாகத் திரும்பாது. பங்களாக்கள் பெருகின, வெலிங்டனில் பட்டாளம் வந்தது. அத்தனை பேருக்கும் சமைக்கவும் குளிர்காயவும் விறகு வேண்டுமே! சில பத்தாண்டுகளிலேயே ஊட்டியைச் சுற்றி விறகுப் பஞ்சம் வந்துவிட்டது.

அதற்குக் கண்ட மருந்துதான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்கள். 1843-இல் கேப்டன் காட்டன் என்பவர் யூகலிப்டஸை நீலகிரிக்குக் கொண்டுவந்தார் என்பது பதிவு. மள மளவென்று வளரும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். 1850-களுக்குப் பிறகு அரசே விறகுக்கென்று தோப்புகள் போட்டது. சீகை மரமும் கூடவே வந்தது. எஞ்சிய சோலைகள் மேல் இருந்த கோடாரி ஓரளவு விலகியது உண்மை. அந்த மட்டுக்கும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. மரமில்லாத இடம் சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். மழையைப் பஞ்சு போலப் பிடித்து வைத்து, சிறிது சிறிதாக ஓடைக்கு விடுவது அந்தப் புல்வெளியும் சோலையும் சேர்ந்துதான். அந்த ஓடைகள் பவானிக்கும், பவானி காவிரிக்கும் போகின்றன. திருமானூரில் நாம் பார்க்கிற கொள்ளிடத்திலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

பின்னாளில் விறகின் தேவை குறைந்தாலும் மரம் குறையவில்லை. சீகைப் பட்டை தோல் பதனிட உதவியது. யூகலிப்டஸ் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போனது. இலையைக் காய்ச்சி எடுத்த நீலகிரித் தைலம் நம் வீட்டு அலமாரிக்கெல்லாம் வந்தது. சளி பிடித்த பிள்ளைக்குக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்க வைக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா?

அந்த மரத்தின் பங்காளிதான் நம் ஊருக்கும் இறங்கி வந்தது. மலையில் இருப்பது வேறு இனம். சமவெளி வெயிலைத் தாங்குவது வேறு இனம். இரண்டையும் நாம் தைலமரம் என்றே சொல்கிறோம். ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கம் முந்திரிக்கு நடுவே வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காகிதக் கூழுக்காக வளர்க்கிறார்கள். வனத்துறை நிலத்தில் மட்டுமல்ல, மானாவாரிப் பட்டா நிலத்திலும் உண்டு. ஆள் கூலி இல்லை, ஆடு மாடு கடிக்காது, சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பணம் வரும் என்பது வைத்தவர் கட்சி. கிணறு வற்றுகிறது, அடியில் புல் முளைப்பதில்லை என்பது பக்கத்து வயல்காரர் கட்சி. இரண்டு கட்சியின் வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் என் ஓட்டு கிணற்றுக்காரருக்குத்தான்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இந்த அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. நம் பக்கத்தில் லாரிகள் கட்டைகளை ஏற்றிப் போன மறுமழையிலேயே அடிக்கட்டைகள் துளிர்த்துவிடுகின்றன.