ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பா

1920-களின் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய சில கார்களுக்கு ஒரு விசித்திர அடையாளம் உண்டு. முன்பக்கம் ரேடியேட்டர் மூடியின் மேல் காலித் தகர டப்பா ஒன்றை சால்டர் வைத்து ஒட்டியிருப்பார்கள். 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்து டிசோட்டோ பூங்காவில் தொடங்கிய 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' சங்கத்தின் சின்னம் அது. குளிர்காலம் வந்தால் வடக்கு மாநிலங்களிலிருந்து காரிலேயே தெற்கே இறங்கி, மாதக்கணக்கில் அங்கேயே குடித்தனம் நடத்துகிறவர்கள். சிலர் காரை ஒட்டிக் கூடாரம் அடித்தார்கள், சிலர் லாரிச் சட்டத்தின் மேல் பலகை வீடே கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு ஆர்.வி. வாழ்க்கை என்கிறோமே, அதன் முன்னோர்களில் இவர்களும் உண்டு.

பேருக்கு ரெண்டு காரணம் சொல்வார்கள். சாப்பிட்டது டின் உணவு. ஓட்டியது 'டின் லிஸி' என்று கேலிப்பெயர் வாங்கிய ஃபோர்டு மாடல் டி.

அந்த வண்டியைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது: ரிப்பேர் இவர்களுக்குச் சமையல், துவையல் மாதிரி அன்றாட வேலை. பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில்; பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கித்தான் கார்புரேட்டருக்குப் போகணும். டேங்க் பாதி காலியாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் எஞ்சின் மூச்சு விட்டுவிடும். வழி என்ன? வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மேடேறுவது! ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் கொஞ்சம் அதிகம். தண்ணீரைச் சுற்றவைக்கவும் பம்ப் இல்லை, அதனால் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். கையில் தண்ணீர் வேணும். கியர் பெட்டிக்குள் இருக்கும் பட்டைகளின் துணி தேயத் தேய, மூடியைத் திறந்து முறுக்கிவிடணும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது ஸ்பார்க் லீவரைத் தப்பாக வைத்துவிட்டால், ஹேண்டில் திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். டயர் கதையோ தனி. பஞ்சர் ஆனால் ட்யூபை உருவி, ஒட்டுப்போட்டு, கைப்பம்பால் காற்றடிக்கணும், அதுவும் அன்றைய மண் ரோட்டில்.

ஆனால் இதில் எல்லாமே ஸ்பேனரும் கம்பியும் வைத்து ஒரு விவசாயி தானே செய்துவிடக்கூடிய வேலை. தனியாக முடியாதபோதுதான் அந்த டப்பா பயன்பட்டது. சாலையோரம் நிற்கும் காரில் அது தெரிந்தால், பின்னால் வருகிற சங்கத்துக்காரர் நிறுத்தி உதவணும். முன்பின் தெரியாத ஊரில் அது பெரிய காப்பீடு.

உள்ளூர்க்காரர்களுக்கு இவர்கள் மேல் மரியாதை குறைவு. ஒரு சட்டையோடும் ஒரு நோட்டோடும் வருவார்கள், போகும்வரை ரெண்டையும் மாற்ற மாட்டார்கள் என்று கேலி பேசினார்கள். (தமிழிலும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.) முதலில் இலவசமாக இடம் தந்த பல நகராட்சிகள், 1920-களின் நடுவில் கட்டணம் போட ஆரம்பித்தன. ஏழைகள் வந்து தங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் முக்கியக் காரணம்.

இந்தச் சங்கத்தைப் புகழும் கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் திருப்தியில்லை. இதெல்லாம் நடந்தது நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த ஃபுளோரிடாவில். அந்த முகாம்கள் வெள்ளையர்களுக்கானவை. அதே மாடல் டி, அதே மண் ரோடு, அதே பஞ்சர். ஓட்டுகிறவர் கறுப்பினத்தவர் என்றால், வண்டி நின்ற இடத்தில் யார் வந்து நிறுத்துகிறார் என்பதே உயிர்க் கேள்வி. பல ஊர்களில் இருட்டுவதற்குள் கடந்துவிடணும் என்ற நிலை.

1936-இல் நியூயார்க்கில் வசித்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், கறுப்பினப் பயணிகளுக்காக 'கிரீன் புக்' என்ற கையேட்டை வெளியிட்டார். முதலில் நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும், பிறகு நாடு முழுவதற்கும். தங்கும் விடுதி, சாப்பாட்டுக்கடை மட்டும் அதில் இல்லை. எந்த ஊரில் எந்தப் பெட்ரோல் பங்க், எந்த மெக்கானிக் ஷெட் தங்களை ஏற்கும் என்பதும் முகவரியோடு இருந்தது. 1960-களின் நடுப்பகுதி வரை அந்தப் பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தது.