பேடு முதல் திருநர் வரை

ஒருவரை எந்த விகுதியால் சுட்டுவது என்பது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று. அவரை மனிதருள் ஒருவராக ஏற்கிறோமா என்னும் வினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது. பிறந்த உடலின் பாலுக்கு மாறாகத் தம்மை உணர்வோரைத் தமிழ் எவ்வாறு அழைத்து வந்தது என்று பார்த்தால், நம் சமூகம் நடந்து வந்த வழியும் வழுக்கிய இடங்களும் புலப்படும்.

தொல்காப்பியக் கிளவியாக்கம் இதனைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை. அவை உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே பெறும் என்பது விதி. அந்த நூற்பாவில் அவர்களோடு இணைத்துச் சொல்லப்படுவது தெய்வத்தைக் குறிக்கும் பெயர் என்பது கருதத்தக்கது. பிறிதொரு நூற்பா, அப்பெயர்களுக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என விலக்குகிறது. ‘பேடி வந்தாள்’ என்பதே மரபு. ‘பேடி வந்தான்’ என்பது வழு.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஒருபடி மேலே சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பும் பேடு பெண்பால் என்றார். உடலை அன்று, உள்ளத்தின் விழைவையே அவர் அளவுகோலாகக் கொண்டார். ஆயினும் அந்நூற்பாவின் இறுதியிலேயே, இவ்விரு திறத்தாரும் அஃறிணையைப் போலவும் ஆவர் என்று முடித்தார். ‘அவள்’ நின்ற இடத்தில் ‘அது’வும் வந்து நின்றது.

இலக்கியத்திலும் இவ்விரட்டை நிலை காணப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் ஒன்று, காமன் ஆடிய பேடு என்னும் ஆடல். மணிமேகலை காட்டும் புகார் நகரில், பேடிக்கோலத்துக் கூத்தைக் கண்டு மக்கள் நிற்கின்றனர். வள்ளுவரோ இரு குறள்களில் பேடியின் கையிலுள்ள வாளைப் பயனின்மைக்கு உவமையாக்கினார். ஆடரங்கில் அழகாயிருந்த சொல் உவமையில் குறையாயிற்று. பின்னர்த் தெருவில் கோழையை ஏசும் வசையாயிற்று. கூவாகத்தில் சித்திரைதோறும் அரவானுக்கு மனைவியராகித் தாலி கட்டிக்கொண்டு, பின் தாலியறுத்து அழுவோருக்குக் கோயில் தந்த இடத்தை, ஏனைய நாள்களில் வீடும் பள்ளியும் தரவில்லை.

அறிவியலும் நெடுங்காலம் இவர்களை நோயாளராகவே எண்ணியது. உலக நல நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பகுப்பில்தான், இவ்வுணர்வு மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. குரோமோசோம், சுரப்பிநீர், உறுப்பு ஆகியவை வழக்கமான ஆண், பெண் அமைப்பில் அடங்காமல் பிறப்போரும் உளர். அது உடலின் அமைப்பு. பாலின அடையாளமோ ஒருவர் தம்மை உணரும் நிலை. இரண்டும் ஒன்றல்ல.

சட்டம் விழித்தது அண்மையில்தான். 2008இல் தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என 2019இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை கூறியது; ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற பால்மாற்று அறுவை செய்வதைத் தடுக்கவும் ஆணையிட்டது. அதே ஆண்டு பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2022இல் திருநர், ஊடுபால் முதலிய சொற்களைக் கொண்ட சொற்பட்டியலை அரசு வெளியிட்டது.

ஒரு சொல்லின் பொருட்டு நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவிஞர் கூடும் நம் வட்டம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வசைக்கும் உவமைக்கும் ஒரு மனிதப் பிறவியைக் கைக்கொண்டவர்கள் சொல்லாள்வோரே. ‘பேடி’ என்று ஏசும் வரி இன்றும் நம் கவிதைகளில் எட்டிப் பார்க்கிறது. அதனை எழுத எடுக்கும் கை ஒருகணம் தயங்குமாயின், தெய்வப் பெயரோடு ஒரே நூற்பாவில் வைத்த பழைய ஆசிரியருக்கு நாம் சற்றே அருகில் சென்றவராவோம். ‘அது’ என்று விலக்கிய நாவுக்கு ‘அவள்’ என்றும் ‘அவர்’ என்றும் சொல்லக் கற்பிப்பது, சட்டத்தினும் கவிதைக்கே எளிது.