திண்டுக்கல் சமவெளியில் குடில் சாகுபடி

கண்ணாடி, நெகிழித்தாள், வலை ஆகியவற்றில் ஒன்றால் மூடிய அமைப்புக்குள் பயிர் வளர்ப்பது குடில் சாகுபடி. குளிர்நாடுகளில் குடில் வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது. சிறுமலையை ஒட்டிய திண்டுக்கல் சமவெளியில் வெயிலைத் தணிக்கவும் பூச்சியைத் தடுக்கவுமே அது தேவைப்படுகிறது.

தோற்றம்

முதலாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் திபேரியசுக்காக, ஒளி ஊடுருவும் கல்தகடுகளின் கீழ் வெள்ளரி வகை ஒன்று வளர்க்கப்பட்டது. 1948இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் எமரி எம்மர்ட் கண்ணாடிக்குப் பதில் நெகிழித்தாளைப் பயன்படுத்தினார். இதனால் குடில் அமைப்பது மலிவானது. வளைத்த குழாய்கள்மேல் தாள் போர்த்திய, சூடேற்றும் கருவி இல்லாத உயர் வளைவுக் குடில்களும் பரவின.

வட்டார மரபு

நிழலில் பயிர் வளர்ப்பது இம்மண்ணுக்குப் புதிதல்ல. வத்தலக்குண்டு வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி வரிசைகளே கொடிக்குப் பற்றுக்கோல், அவையே கூரை. ஆனால் நிலக்கோட்டை மல்லிகையும் பன்னீர் ரோஜாவும் திறந்த வயலில் வளர்ந்தன. திராட்சை பந்தலில் படர்ந்தது.

நவீனக் குடில்கள்

2005-06இல் தொடங்கிய தேசியத் தோட்டக்கலை இயக்கம் பசுமைக்குடிலுக்கும் நிழல்வலைக் குடிலுக்கும் மானியம் தந்தது. இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறி மகத்துவ மையமும், கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் மலர் மையமும் அமைந்தன. நாற்று வளர்ப்பில் குடிலின் பயன் கண்கூடு. குழித்தட்டில் தென்னைநார்க் கழிவில் முளைத்த நாற்றைப் பிடுங்கினால், வெள்ளை வேர்கள் பின்னிய கட்டி உடையாமல் வரும். அசுவினி பரப்பும் வளையப்புள்ளி நச்சுயிரிக்கு அஞ்சும் பப்பாளிக்குப் பூச்சி புகாத வலைக்குடிலே பாதுகாப்பான நாற்றங்கால்.

இயற்கை முறை

தமிழ்நாட்டில் அங்ககச் சான்றளிப்புத் துறை 2007இல் கோவையில் உருவானது. ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டும் இயற்கை முறைக்கான மாறுதல் காலம் என்பது தேசிய விதி. உயிரியல் முறையின் வலிமையைத் தமிழகம் நேரில் கண்டது: 2008இல் கோவையில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கின.

குடிலுக்குள் மழை விழாது. அதனால் சொட்டுநீரின் உப்பு மண்ணில் தங்கும். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப நட்டால் நூற்புழு பெருகும். நூற்புழுவுக்கு மருந்து ஊரிலேயே உண்டு. சித்திரை வெயிலில் நனைத்த மண்ணை ஒளி புகும் தாளால் 4 முதல் 6 வாரம் மூடினால் மண்ணின் சூட்டிலேயே புழு குறையும். பயிர்ச் சுழற்சியில் செண்டுமல்லி நட்டால் வேர்முடிச்சு நூற்புழு கட்டுப்படும்.

மதிப்பீடு

குளிர்நாட்டுக் குடிலை அப்படியே பெயர்த்து நட்டால் இங்கே அது அடுப்பாகிவிடும். காற்றோட்டமும் அளவான நிழலும் உயிருள்ள மண்ணும் கொண்ட குடிலே இந்தச் சமவெளிக்கு ஏற்றது. கொடிக்கால் விவசாயி அகத்தி நட்டுக் காட்டிய பாடமும் அதுவே.