காயல் மகளிரும் தாய்மனை மரபும்

கடல் கடந்து பொருளீட்டுதல் தமிழர்க்குப் புதியதன்று. ஆனால், ஆடவர் கலமேறிச் சென்றபின் மனையில் தங்கும் மகளிர்க்குக் காப்பு யாது? இவ்வினாவுக்குக் காயல்பட்டினத்து முஸ்லிம் பெருமக்கள் கண்ட விடை, ஊர்விட்டுத் தாணேயில் வாழும் நாமும் எண்ணத்தக்கது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தாமிரவருணி கடலொடு கலக்குமிடத்தை அடுத்திருந்த காயல் துறையை மார்க்கோ போலோ கண்டு எழுதினார். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளினின்றும் பாண்டியனுக்குக் குதிரைகள் அங்கே வந்திறங்கின. அரபு வணிகரும் தமிழ்க் குடிகளும் உறவு கொண்ட அக்கடற்கரையில் வேரூன்றிய மரபொன்று உண்டு. மணமான பெண் தாய்மனையை நீங்குவதில்லை. மணமகனே அவள் மனைக்கு வருகிறான். பெற்றோர் மகளுக்கு வீடு அளிப்பர்; அது பின்னர் அவள் மகளைச் சேரும். கணவன் கடல்மேல் இருப்பினும், உம்மாவும் ராத்தாவும் அருகிருக்க அவள் தனிமை அறியாள்.

மணவினை இஸ்லாமிய நெறிப்படியே நிகழும். பெண்ணின் இசைவும் இரு சாட்சிகளும் வேண்டும். மணமகன் தரும் மஹர் மணமகளுக்கே உரியது, அவள் தந்தைக்கன்று. கழுத்திலணியும் கருகமணியோ இந்நாட்டு வழக்கம். தந்தையின் சொத்தில் மகனுக்குரியதில் பாதியே மகளுக்கு என்பது ஷரீஅத்தின் பொது விதி. ஆயினும் வாழ்நாளிலேயே கொடையளித்தலை அது தடுக்கவில்லை. அவ்வழியே வீடு மகளுக்காயிற்று.

இது சமயத்தால் மட்டும் விளைந்ததன்று. ஈழத்தின் மட்டக்களப்புப் பகுதியில் இந்துத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே, மகளுக்கு வீடளித்து மருமகனை வரவேற்கும் வழக்கினர்; தாய்வழியே குடி எண்ணுபவர்.

இம்மரபுக்கு மறுபுறமும் உண்டு. மகள் ஒவ்வொருத்திக்கும் வீடு வேண்டுமெனில், சுமை வாப்பாவின் தோளிலும் காக்காவின் தோளிலும் ஏறுகிறது. கொழும்பிலும் ஹாங்காங்கிலும் உழைத்த தமையன்மாரின் வியர்வை தங்கையர் வீட்டுச் சுவர்களில் கலந்துள்ளது. வீட்டைக் கொடையென்று மனமுவந்து தருதல் அறம். அதனையே மணமகன் வீட்டார் விலையெனக் கேட்பின் அது வரதட்சிணையே.

எனினும் ஓர் உண்மை நிலைபெறுகிறது. தன் காலடி மண் தன்னதாயிருக்கும் பெண்ணை எவரும் எளிதில் வெளியேற்றவியலாது. ஓரறைக் குடியிருப்பில் தொடங்கிச் சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு வாங்கும் நம் குடும்பங்களில், பத்திரத்தில் எழுதப்படும் பெயர் யாருடையது? மகளின் மணத்திற்குப் பொன் சேர்க்கும் பெற்றோர், அவளுக்கென ஒரு நிழலும் சேர்ப்பாராக. காயல் மகளிரின் வரலாறு நமக்குக் கூறுவது இதுவே.